அமல்தாரின் தயிர் சாதம்

மல்லேஸ்வரம்
14 ஜூன் 2025

ஸ்ரீலக்ஷ்மிக்கு,

வாட்ஸப்பில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். போன் செய்தால் உன் வீட்டுக்காரர் எடுத்து, "அவங்க குளிக்கிறாங்க மச்சான்" என்கிறார். காலையிலும் குளியல், மாலையிலும் குளியல். ஆகையால் தபால். மல்லேஸ்வரத்திலிருந்து ஆஸ்டின் டவுனுக்கு ஸ்பீட் போஸ்ட் அனுப்புகிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். கவுண்ட்டரில் இருந்த பெண் விலாசத்தை இன்னொரு தரம் படித்துவிட்டு, "பஸ்ஸே இருக்கே சார்" என்றாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ பேசியதை நான் மறக்கவில்லை. நான் எதையும் மறக்கிறவன் இல்லை. அத்தனை பேர் முன்னால், "உன் நாய்தான் அண்ணா என் பொண்ணைப் படுக்க வெச்சுடுத்து. இனிமே அவ அங்க வரமாட்டா, நீயும் இங்க வராதே" என்றாய். டாக்டர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: பழகுகிற வீட்டில் நாய், பூனை உண்டா? அவர் கேள்வியை நீ தீர்ப்பாக்கிவிட்டாய்.

மகாவின் சிறுநீரில் வளர்ந்த கிருமி வழக்கமான மருந்துகளுக்கு அடங்கவில்லை என்பது எனக்கும் தெரியும். பிப்ரவரியில் அவளுக்குச் சிறுநீரகம் மாற்றியபோது கொடுத்தவர் அவள் அப்பா என்பதும் தெரியும். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதும் தெரியும். அதைப் பற்றி இப்போது எழுதப்போவதில்லை.

அமல்தாரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். எட்டு வருஷத்துக்கு முன் மார்க்கெட்டில் பூக்கடைக்கு அடியிலிருந்து அந்தக் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தது உன் மகள். "எங்க வீட்ல இடம் இல்ல மாமா, நீங்க வெச்சுக்குங்க" என்றாள். தெருவைத் தாலூகா மாதிரி சுற்றிப் பார்க்கிறதே என்று, மைசூர் சர்க்காரில் நம் தாத்தா வகித்த அமல்தார் பதவியை அதற்குப் பெயராக வைத்தவளும் அவள்தான். தாத்தாவுக்கு அவமரியாதை என்றேன். யார் கேட்டார்கள்?

அது வந்த நாள் முதல் தின்பது தயிர் சாதம். ஒரு முட்டை கண்டதில்லை. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். வயிறு கெட்டால் வைத்தியமும் நானே. எனக்கு எழுதிக்கொடுத்த ஆன்டிபயாடிக் மாத்திரைகளில் மிஞ்சியதை நான் எறிவதில்லை. ஹார்லிக்ஸ் டப்பாவில் சேர்த்து வைத்திருப்பேன். பாதி மாத்திரையைத் தயிர் சாதத்தில் பொதிந்து கொடுத்தால் மறுநாள் எழுந்து ஓடும். கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்தவனுக்கு இது தெரியாதா? பிரின்ஸிபாலாகத்தான் ஆக்கவில்லை. அந்த நாற்காலிக்கு என்னிடம் படித்த ப்ரஹ்லாத்தான் தகுதி என்று நிர்வாகம் கண்டுபிடித்தது.

கோழிக்கடைகளுக்கு நடுவில் இருப்பது யார் வீடு? மாமிசம் வேகிற அடுக்களை யாருடையது? யோசித்துப் பார்.

வீட்டு நாய், பூனைகளின் குடலில் இப்படிப்பட்ட கிருமி இருக்கிறதா என்று ஆராய்ச்சி செய்யும் கால்நடை டாக்டர் ஒருத்தி, பார்கவி என்று பெயர், ஸாங்கி ஏரிக்கரையில் நாயோடு நடக்கிறவர்களை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தாள். அமல்தாரின் மலத்தைக் கொடுத்திருக்கிறேன். முடிவு வந்ததும் நகல் அனுப்புகிறேன். அதற்குள் நீ மன்னிப்புக் கடிதத்தைத் தொடங்கி வைக்கலாம்.

சுந்தரேசன்


ஆஸ்டின் டவுன்
22 ஜூன் 2025

அண்ணா,

மன்னிப்பு எழுத எனக்கு நேரமில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன், மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு.

மகாவின் பரிசோதனைத் தாளை நீ பார்க்கவில்லை. மருந்துப் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எதிரில் கேட்காது, கேட்காது என்று போட்டிருக்கிறது. அடியில் ஒன்றிரண்டுக்கு மட்டும் கேட்கும் என்று இருந்தது. அதில் ஒன்றைத்தான் நரம்பில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். உடம்பு புதுக் கிட்னியைத் தள்ளிவிடாமல் இருக்க, அவளுடைய எதிர்ப்புச் சக்தியை மாத்திரை போட்டுக் குறைத்து வைத்திருக்கிறோம். உனக்கும் எனக்கும் ஒன்றும் செய்யாத கிருமி அவளைக் கீழே தள்ளிவிடும். அவருடைய கிட்னி அண்ணா அது. அவரிடம் இரண்டு இருந்தது, ஒன்றை எடுத்து அவளுக்கு வைத்தோம். இதுவும் போனால் கொடுப்பதற்கு அவரிடம் இல்லை.

என் அடுக்களையைப் பற்றி எழுதியிருக்கிறாய். என் கல்யாணத்துக்கு வரவில்லை. அப்பா வந்தார், நீ வரவில்லை. இத்தனை வருஷத்தில் இந்த வீட்டு வாசற்படியை மிதித்ததில்லை. அடுக்களையை எப்போது பார்த்தாய்?

உன் நாய் தயிர் சாதம் தின்கிறது என்று கிருமிக்கு யார் போய்ச் சொன்னார்கள்? ஞாயிற்றுக்கிழமைகளில் உன் வீட்டுக்கு வந்தால் அவள் தட்டிலேயே அதுவும் வாய் வைக்கும். கன்னத்தை நக்கும். ஆபரேஷன் ஆகி மூன்றாம் மாதம் நானே பார்த்துக்கொண்டு நின்றேன், அவள் சிரிக்கிறாளே என்று. அந்தக் கோபம் என்மேல். உன்மேல் காட்டினேன். ஆனாலும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன்.

மகா என்னோடு பேசுவதில்லை. "அமல்தாரைக் கூட பாக்க முடியாதுன்னா எதுக்கும்மா இந்த ஆபரேஷன்" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள்.

லக்ஷ்மி


மல்லேஸ்வரம்
19 ஜூலை 2025

ஸ்ரீலக்ஷ்மிக்கு,

நகல் அனுப்புகிறேன் என்று சொன்னேன், இணைத்திருக்கிறேன். அனுப்பாமலே இருந்திருக்கலாம், உனக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அப்படி ஒரு பிழைப்பு எனக்கு வேண்டாம்.

அமல்தாரின் குடலில் அந்தக் கிருமி இருக்கிறது.

இதை எழுதிவிட்டு எழுந்து போய்க் காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். பார்கவியின் அறை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. "நாய்க்கு ஒண்ணும் இல்ல ஸார், நல்லா இருக்கு. சும்மா சுமந்துட்டு இருக்கு, அவ்ளோதான். இந்த ஊர்ல நெறைய நாய் சுமக்குது, பூனை சுமக்குது" என்றாள். பச்சை மாமிசம் போடுகிற வீட்டு நாய்களுக்குத்தானே வரும் என்று கேட்டேன். "அது ஒரு வழி. வேற வழியும் இருக்கு. நீங்க மாத்திரை ஏதாவது குடுத்திருக்கீங்களா?"

சொன்னேன். டப்பாவைப் பற்றியும் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொல்லியிருப்பேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஸார், நீங்க ஒவ்வொரு தடவை பாதி மாத்திரை குடுக்கறப்பவும் சாகக்கூடியது செத்துடும். சாகாதது தங்கிடும். பக்கத்து வீடெல்லாம் காலியாச்சுன்னு அதுவே குடித்தனம் பெருக்கிக்கும். அத்தனையும் நீங்களே காலி பண்ணிக் குடுத்திருக்கீங்க."

என் கடைசி வரிசை மாணவிகளின் வயதுதான் இருக்கும் அவளுக்கு. அதற்கப்புறம் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினாள்.

"அடுத்தது உங்களோடது வேணும் ஸார்."

"என்னோடது என்ன?"

"அதேதான் ஸார்."

டப்பாவின் மேல் 'ஓனர்' என்று ஒட்டியிருந்தது. ஐம்பத்தேழு வயதில் ஒருவனிடம் இப்படிக் கேட்கிறார்கள். குடையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். அமல்தார் வரவில்லை. அவள் காலடியில் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தது. திரும்பப் போய் இழுத்துக்கொண்டு வரவேண்டியதாயிற்று.

நீ சொன்னதில் பாதி நிரூபணமாகிவிட்டது. மீதிப் பாதி, அதாவது மகாவுக்குக் கொடுத்தது இதுதான் என்பது, நிரூபணமாகவில்லை. காய்ச்சல் விட்டதா என்று மட்டும் எழுது.

சுந்தரேசன்


ஆஸ்டின் டவுன்
9 ஆகஸ்ட் 2025

அண்ணா,

காய்ச்சல் விட்டுவிட்டது. வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். கிட்னி நன்றாக வேலை செய்கிறது என்கிறார்கள். நேற்று அவளே எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள்.

நீ அனுப்பிய நகலில் பார்கவியின் நம்பர் இருந்தது. பேசினேன். "உங்க அண்ணாவா? குடை வெச்சிருப்பாரே?" என்று சிரித்தாள். அடிக்கடி பழகுகிறவர்கள் என்பதால் எங்கள் மூவரையும் அவளுடைய ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டாள். மூன்று டப்பா வாங்கி வந்தேன். எங்களுக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. செத்துப்போகவில்லை.

மகாவின் குடலில் இருக்கிறது. அது எதிர்பார்த்ததுதான்.

அவருக்கு இல்லை. வாரம் தவறாமல் கோழி தின்கிறவர் இந்த வீட்டில் அவர் ஒருவர்தான். இப்போது இல்லாததால் எப்போதும் இருந்ததில்லை என்று அர்த்தமில்லை என்றாள் பார்கவி. இவர் அதையெல்லாம் எங்கே காதில் வாங்குகிறார்? பீன்யா ஃபாக்டரியில் ஷிஃப்ட் முடிந்து வந்து தாளைப் பார்த்துவிட்டு வயிற்றைத் தட்டிக்கொண்டார். "உங்கண்ணன்கிட்ட சொல்லு, தயிர் சாதத்தைக் கொஞ்சம் பாத்து சாப்புடச் சொல்லு. ரொம்ப டேஞ்சர் ஐட்டம்." மகா சிரித்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் சத்தமாக.

எனக்கு இருக்கிறது அண்ணா.

அவளுக்குச் சோறு பிசைந்து ஊட்டிய கை இது. அன்றைக்கு முழுக்கக் கையைக் கழுவிக்கொண்டே இருந்தேன். அவர்தான் குழாயை மூடினார். "யார்கிட்டேருந்து யாருக்குப் போச்சுன்னு பாத்துக்கிட்டே இருந்தா பைத்தியம் புடிச்சிடும். இன்மே போகாம பாத்துக்கலாம்" என்றார்.

வராந்தாவில் நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று எழுதியிருந்தேன். நாயைப் பற்றிச் சொன்ன பாதியை எடுத்துக்கொள்கிறேன். நீ போய் அந்த டப்பாவை வாங்கிக்கொள்.

லக்ஷ்மி

பி.கு: போனில் உன்மேல் இருந்த தடையை எடுத்துவிட்டேன். ஆனாலும் கடிதமே போடு. போனில் நீ கத்துகிறாய்.


மல்லேஸ்வரம்
7 செப்டம்பர் 2025

லக்ஷ்மிக்கு,

நான் போனில் கத்துவதில்லை. எதிரில் இருப்பவர்கள் சரியாகக் கேட்பதில்லை.

டப்பாவை வாங்கினேன், கொடுத்தேன். எனக்கும் இருக்கிறது. அமல்தாரிடம் இருப்பதும் என்னிடம் இருப்பதும் மகாவிடம் இருப்பதும் ஒரே வம்சம் என்கிறாள் பார்கவி. உன்னிடம் இருப்பது வேறு வகையாம், ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒட்டிக்கொண்டிருக்கலாமாம். ஆகவே உன் கையை நீ அவ்வளவு தேய்த்திருக்க வேண்டாம்.

அப்படியானால் என்னிடமிருந்து நாய்க்கா, நாயிடமிருந்து எனக்கா, யாரிடமிருந்து மகாவுக்கு என்று கேட்டேன். நேராக ஒரு பதில் சொல் என்றேன். குரல் உயர்ந்திருக்கும், வெளியே ஒரு பூனை கத்திற்று.

"சொல்ல முடியாது ஸார்."

"இவ்வளவு மெஷின் வெச்சிருக்கியேம்மா, இதுகூடத் தெரியாதா?"

"மூணு பேரும் ஒரே தட்டு, ஒரே சோஃபா, ஒரே நாக்கு. யாருக்கு முதல்ல வந்துச்சுன்னு எந்த மெஷின் ஸார் சொல்லும்? ஒருவேளை நாலாவதா வேற எங்கேருந்தோ கூட வந்திருக்கும்."

லக்ஷ்மி, எனக்கு யார் என்ன செய்தார்கள் என்பது எப்போதும் தெரியும். ப்ரஹ்லாத் என்ன செய்தான், அப்பா உன் பக்கம் சாய்ந்து என்ன செய்தார், பக்கத்து வீட்டுக்காரன் நம் மாமரத்தை எப்போது வெட்டினான், எல்லாம் வரிசையாக வைத்திருக்கிறேன். இந்த ஒன்றுக்கு மட்டும் ஆளே இல்லை என்கிறாள். ஏரியைச் சுற்றிவிட்டு வந்தேன். கோபப்படுவதற்கு ஆள் கிடைக்கவில்லை. திரும்பி வரும்போது பசித்தது.

அதற்கு மருந்து என்ன என்று கேட்டால், மருந்து இல்லை என்பதுதான் மருந்தாம். இதை விரட்ட மாத்திரை கொடுத்தால் இது இன்னும் பெருகும். டாக்டர் எழுதாமல் ஒன்றும் விழுங்கக் கூடாது, எழுதினால் பாதியில் நிறுத்தக் கூடாது. நாய்க்கு அவள் எழுதினால் மட்டும். அது போனதைக் கையுறை போட்டு அள்ளி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அதற்குத் தனித் தட்டு. முகத்தை நக்க விடக்கூடாது. மற்ற சாதாரணக் கிருமிகள் மெல்லத் திரும்பி வந்து இதைத் தள்ளிவிடுமாம். மாதக்கணக்கில் ஆகும், ஆகாமலும் போகலாம். அதற்குப் பெயர் நம்பிக்கையா என்றேன். "பெரும்பாலும் நடக்குது ஸார்" என்றாள். ஹார்லிக்ஸ் டப்பாவை அவளிடமே கொடுத்துவிட்டேன். உள்ளே பார்த்துவிட்டு, "ஒரு மெடிக்கல் ஷாப் வெச்சிருக்கலாம்" என்றாள்.

எழுத வந்தது வேறு. தேவனஹள்ளிப் பக்கம் தோட்டத்தில் நாய்களை வளர்க்கிற ஒருவரை அவளுக்குத் தெரியும். நல்ல மனிதராம். நீ சொன்னால் அமல்தாரை அங்கே விட்டுவிடுகிறேன். மகா இந்த வீட்டுக்குப் பயமில்லாமல் வரலாம். வீட்டைப் பினாயில் போட்டுத் துடைத்து வைக்கிறேன். இதை யோசிக்காமல் எழுதவில்லை. அது இப்போது என் காலின்மேல் தலை வைத்துத் தூங்குகிறது, எழுந்திருக்க முடியவில்லை. ஆனாலும் அந்தப் பெண்ணுக்கு அவள் அப்பா கொடுத்ததற்கு எதிரில் இது ஒன்றும் பெரிதில்லை. என்னைத்தான் கேட்கவில்லை. நான் கொடுக்கக்கூடியது இதுதான்.

பதில் எழுது.

அண்ணா


ஆஸ்டின் டவுன்
20 செப்டம்பர் 2025

அண்ணா,

உன் கடிதத்தை மகா என் கையிலிருந்து பிடுங்கிப் படித்துவிட்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதச் சொல்கிறாள்: "சுமக்கறவங்களை எல்லாம் தோட்டத்துக்கு அனுப்பணும்னா மொதல்ல நான் போறேன். அப்புறம் அம்மா. அப்புறம் மாமா. அப்பாவும் கோழியும் மட்டும் வீட்ல இருக்கட்டும்."

ஆகவே அமல்தாரை எங்கும் அனுப்பாதே.

அவளுடைய டாக்டரிடம் பார்கவி சொன்னதையெல்லாம் சொன்னோம். நாயைத் துரத்த வேண்டும் என்று அவர் எப்போதும் சொல்லவில்லையாம். இப்போதைக்கு விலகி இருக்கட்டும், புது வருஷத்தில் எல்லோரும் மறுபடி சோதித்துப் பார்க்கலாம், அதுவரை அவள் உடம்பும் தேறட்டும் என்றார். எனக்குத்தான் ஒரு கேள்வி கேட்டால் தீர்ப்பாகத் தெரிகிறது. நம் வீட்டு வழக்கம்.

அப்புறம் அந்த இன்னொன்று. அதைப் பற்றி எழுதப்போவதில்லை என்று சொல்லிவிட்டுக் கடிதத்துக்குக் கடிதம் எழுதுகிறாய். உன்னைக் கேட்கவில்லை, உண்மைதான். கேட்டிருந்தால் நீ அந்த நிமிஷமே ஆட்டோ பிடித்திருப்பாய். இருபது வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற உன்னிடமிருந்து எடுக்க மாட்டார்கள். இல்லை என்று சொல்லி உன்னைத் திருப்பி அனுப்பினால், அதையும் அந்த வரிசையில் வைத்துக்கொள்வாய். என்னால் அதைப் பார்க்க முடியாது. நீ வரமாட்டாய் என்று நினைத்ததால் அல்ல அண்ணா.

அவளுக்கு வீடியோவில் அமல்தாரைக் காட்டு. கத்தாமல் காட்டு.

லக்ஷ்மி


மல்லேஸ்வரம்
25 ஜனவரி 2026

லக்ஷ்மி,

உன் செப்டம்பர் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. பல தரம் உட்கார்ந்தேன். வீடியோவில்தான் தினமும் முகத்தைப் பார்க்கிறோமே என்று எழுந்துவிட்டேன். இப்போதும் அதற்குப் பதில் தெரியவில்லை.

பார்கவியிடமிருந்து தாள்கள் வந்துவிட்டன. மகாவிடம் இல்லை என்று நேற்றே உனக்குச் சொல்லியிருப்பாள். மறுபடி ஒரு முறை பார்த்தால்தான் உறுதி என்கிறாள். இருந்தாலும் அவள் குரலிலேயே தெரிந்தது. அமல்தாரிடமும் இல்லை. போன மாதமே இல்லை, இந்த மாதமும் இல்லை. நடுவில் அதற்கு ஒரு தரம் வயிறு கெட்டது. கை தன்னால் டப்பா இருந்த அலமாரிக்குப் போயிற்று. கஞ்சி மட்டும் வைத்தேன். தானே சரியாகிவிட்டது. எட்டு வருஷமும் தானேதான் சரியாகியிருக்கும்போல.

என்னிடம் இருக்கிறது.

"நாய் பாஸ், ஓனர் ஃபெயில் ஸார்" என்றாள் அந்தப் பெண். நான் முறைக்கவில்லை, சிரித்துத் தொலைத்தேன். இன்னும் சில மாதம் ஆகுமாம். ஆக, இந்த வீட்டில் யாரைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பது இப்போது தெளிவாகிவிட்டது.

இங்கே தரையும் சோஃபாவும் பாத்திரமும் நான் தொட்டவை. மகா இங்கே வரவேண்டாம். அமல்தார் அங்கே வரட்டும். மாப்பிள்ளை அர்ஜுனனிடம் சொல், ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போகட்டும். தட்டு, கயிறு, போர்வை எல்லாம் வெந்நீரில் துவைத்து வைத்திருக்கிறேன். வெண்டைக்காய் பிடிக்காது. சாயங்காலம் திரும்ப விட்டால் போதும். அவளுக்கு வேண்டுமானால் சில நாள் அங்கேயே இருக்கட்டும். எனக்கு ஒன்றுமில்லை.

அர்ஜுனன் வந்தால் உள்ளே வந்து காபி சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல். நான் கையைக் கழுவிவிட்டுத்தான் போடுவேன். இத்தனை வருஷம் கழித்துக் கூப்பிடுகிறானே என்று அவருக்குத் தோன்றினால், தோன்றட்டும். நியாயம்தான்.

அண்ணா


ஆஸ்டின் டவுன்
28 ஜனவரி 2026

அண்ணா,

என்னிடமும் இன்னும் இருக்கிறது. நான் இந்த வீட்டில்தான் இருக்கிறேன். இவளுக்குச் சமைத்துப் போடுகிறேன், தலை பின்னுகிறேன். சோப்புப் போட்டுக் கையைக் கழுவுகிறேன், அவ்வளவுதான். டாக்டர் என்னையும் தோட்டத்துக்கு அனுப்பச் சொல்லவில்லை, உன்னையும் வராதே என்று சொல்லவில்லை. அதைச் சொன்னது நான். வராந்தாவில் சொன்ன மீதிப் பாதியையும் இப்போது எடுத்துக்கொள்கிறேன்.

உன் கடிதத்தை இவர் படித்துவிட்டு, "நாய்க்கு மட்டும் இன்விடேஷன் வாங்கறாரா மச்சான்? அதெல்லாம் ஆகாது" என்றார். பீன்யாவில் சிநேகிதரிடம் மூடி போட்ட சின்ன வண்டி ஒன்று கேட்டிருக்கிறார். ஞாயிறு காலை வருவார். காபி போட்டு வை, ஸ்ட்ராங்காக வேண்டும். வண்டியில் அமல்தாருக்கும் இடம் இருக்கிறது, உனக்கும் இருக்கிறது. நீ ஏறவில்லை என்றால் அதையும் ஏற்றாமல் வரச் சொல்லி மகா உத்தரவு போட்டிருக்கிறாள்.

நேற்று லீவு போட்டுவிட்டு, வாசற்கதவுக்கு வெளியே, சுவரில் ஒரு வாஷ் பேசின் பொருத்தினார். பைப் இழுத்து, சோப்பு வைக்க ஒரு மாடமும் அடித்திருக்கிறார். நான் சும்மாயிருக்காமல், நாய் காலைக் கழுவ இவ்வளவு உயரத்திலா வைப்பார்கள் என்று கேட்டேன்.

"நாய்க்கு யாருடீ வெச்சா?" என்றார்.

லக்ஷ்மி